கொல்லாமையும் கன உலோகங்களும்

கொல்லாமையைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும்பொழுது நாம் பெரும்பாலும் கையையும் காலையும் சுட்டிக்காட்டியே கற்பிக்கிறோம். எறும்பை மிதிக்காதே, தும்பியைப் பிடிக்காதே, இரவில் உண்ணாதே, நீரை வடிகட்டிப் பருகு என்கிறோம். செய்பவனும் கண்ணெதிரே இருக்கிறான். துன்புறும் உயிரும் கண்ணெதிரே இருக்கிறது. செயலுக்கும் விளைவுக்கும் இடையே ஒரு நொடிப்பொழுதுதான் உண்டு. ஆதலின் குழந்தைக்கு எளிதில் விளங்கிவிடுகிறது. ஆனால் எவரும் கை ஓங்காமல், எவர் உள்ளத்திலும் பகை இல்லாமல், பத்தாண்டோ இருபதாண்டோ கழிந்தபின், செய்தவன் ஓர் ஊரிலும் துன்புறுவோர் வேறோர் ஊரிலுமாக நிகழும் உயிர்க்கேட்டுக்கு நம் அறநூல்களில் என்ன பெயர்? அதற்கு யார் பொறுப்பாளி? பாதரசம், ஈயம், குரோமியம், காட்மியம் முதலிய கன உலோகங்கள் இக்காலத்தில் உயிர்களுக்கு இழைத்துவரும் தீங்கைப் பற்றிப் படிக்குந்தோறும் இவ்வினா என்னை விடாமல் தொடர்கிறது. அன்பர்களின் சிந்தனைக்கு அதனை இங்கே வைக்கின்றேன்.

முதலில் நம் வீட்டு வழக்கம் ஒன்றிலிருந்தே தொடங்கலாம். நீரை இருமடித்த துணியில் வடிகட்டிப் பருகுவதும், துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே மெல்லச் சேர்ப்பதும் சிராவகர் ஒழுக்கம். உலகில் வேறு எச்சமயத்தாரும் ஒரு குடம் நீருக்கு இத்துணை மரியாதை செலுத்துவதாக நான் அறியேன். ஆனால் நீரில் கரைந்த ஈயம் எந்தத் துணியிலும் தங்குவதில்லை. கொதிக்க வைத்தாலும் நீங்குவதில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். அதைவிட என்னை வருத்துவது மற்றொன்று. வடிகட்டிய உயிர்களை நாம் பரிவோடு திருப்பி விடும் கிணறே நஞ்சாகியிருந்தால், அந்தப் பரிவுக்கு என்ன பொருள்? இது கற்பனையன்று. பாலாற்றங்கரையில் அத்தகைய கிணறுகள் உள்ளன. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

உலோகத்தை நான் குறை கூறவில்லை. இரும்பு, செம்பு, ஈயம், வெள்ளி, பொன் ஆகியவை மண்ணுக்குள் இருக்கும்வரை மண்ணுடல் கொண்ட ஓரறிவுயிர்கள் என்றே நம் ஆகமங்கள் கூறுகின்றன. பாறைக்குள் உறங்கும் ஈயம் எக்குழந்தைக்கும் தீங்கு செய்ததில்லை. கந்தகத்தோடு சேர்ந்து சாதிலிங்கமாய்ப் பூமிக்குள் கிடந்த பாதரசத்தைத் தோண்டி எடுத்துச் சூளையில் வாட்டி நீர்மமாக்கியவன் மனிதன். இடம் பெயர்த்ததே நம் செயல்.

இவ்வுலோகங்கள் உடலுக்குள் செய்வது என்ன? நம் உடலில் வேதிவினைகளை நடத்தும் நொதிகள் பலவற்றில் கந்தகம் அமைந்த இடங்கள் உண்டு. பாதரசமும் ஈயமும் அக்கந்தகத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன, நொதி செயலிழக்கிறது. ஈயம் இன்னொரு சூதும் செய்யும். அது சுண்ணாம்புச் சத்தைப் போல வேடமிட்டு உடலுக்குள் நுழையும். சுண்ணாம்புச் சத்து எங்கெங்கு வேண்டுமோ அங்கெல்லாம் போய், இறுதியில் எலும்பில் குடியேறி இருபது முப்பது ஆண்டுகள்கூடத் தங்கிவிடும். பெண்ணொருத்தி கருவுற்றால், குழந்தைக்கு எலும்பு அமைக்கத் தாயின் எலும்பு கரைந்து சுண்ணாம்பு கொடுக்கிறது அல்லவா? அதனோடு அவள் சிறுமியாய் இருந்தபோது உண்ட ஈயமும் கருவுக்குள் சென்று சேர்கிறது. பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகமாக ஈயத்தை உட்கிரகிக்கின்றனர். இரும்புச் சத்து குறைந்த குழந்தை இன்னும் அதிகமாகக் கிரகிக்கும். ஏழைக் குழந்தைக்கே தீங்கு மிகுதி என்பதை இதனால் அறியலாம். வகுப்பில் பின்தங்கும் பிள்ளையை மந்தபுத்தி என்று ஒதுக்கும் ஆசிரியர்கள் எக்காலத்திலும் உண்டு. அப்பிள்ளையின் குருதியில் என்ன ஓடுகிறது என்று பார்த்தவர் எத்தனை பேர்? யுனிசெஃப் அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளுக்கு, கவலைக்குரிய அளவில் குருதியில் ஈயம் உள்ளது. அவர்களுள் ஏறத்தாழ 27 கோடியே 50 லட்சம் பேர் நம் நாட்டுக் குழந்தைகள்.

பூச்சிமருந்து நஞ்சு கொடியதாயினும் வெயிலிலும் மண்ணிலும் பட்டு என்றேனும் சிதைந்துபோகும். உலோகம் சிதையாது. அது ஒரு தனிமம். திரவியம் அழிவதில்லை, பரியாயமே மாறுகிறது என்று நாம் பாடம் கேட்கிறோமே, அதற்குப் பாதரசத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. வெப்பமானிக்குள் வெள்ளித்துளி, உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத, மணமற்ற ஆவி, மழையோடு இறங்கினால் ஏரிச் சேற்றில் உப்பு, சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதனை மீத்தைல் பாதரசமாக மாற்றினால் மீனின் தசையில் நஞ்சு. ஒவ்வொரு வேடத்திலும் பொருள் ஒன்றே. நீரில் அளவிட முடியாத அளவு சிறிதாக இருப்பது நுண்பாசியில் சற்றே சேரும். பாசியைத் தின்னும் பூச்சியில் இன்னும் சேரும். சிறுமீன், பெருமீன், மீன்கொத்தி என்று ஏறி ஏறி, நீரில் இருந்ததைப்போல லட்சக்கணக்கான மடங்காகிவிடும். ஒன்றை ஒன்று தின்னும் உலகில் ஒவ்வொரு உயிரும் தான் கொன்றதன் நஞ்சையும் சேர்த்தே சுமக்கிறது.

இந்நஞ்சின் முழுக்கதையும் உலகத்திற்குத் தெரியவந்தது ஜப்பானில் உள்ள மினமாட்டா என்னும் மீனவர் ஊரில். சிஸ்ஸோ என்னும் இரசாயன நிறுவனம் பாதரசம் கலந்த கழிவுநீரைக் கடலில் விட்டது. முதலில் பூனைகள் தள்ளாடித் துள்ளி மடிந்தன, காகங்கள் விழுந்தன. உயிர்க்குல வரிசையில் தாழ்ந்தவை என்று நாம் கருதுபவை முதலில் முறையிட்டன; யாரும் கேட்கவில்லை. 1956 மே மாதம் அது மனிதநோயாகப் பதிவாயிற்று. கருவிலிருந்த குழந்தைகள் தாயின் உடலிலிருந்த நஞ்சைத் தம்மிடம் வாங்கிக்கொண்டு பிறந்தன. தாய்மார் பலர் நலமாய் இருந்தனர்.

இதில் ஓர் ஆண்டைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். 1959. அந்நிறுவனத்தின் மருத்துவமனைத் தலைவர் ஹோசோகாவா என்பவர், ஆலைக் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்து வந்தார். அப்பூனைக்கு அதே நோய் கண்டது. (அந்தப் பூனையின் துன்பமும் இம்சையே. அதனை நான் மறந்துவிடவில்லை.) முடிவை வெளியிடக் கூடாது என்று நிறுவனம் தடுத்துவிட்டது. கழிவுநீர் 1968 வரை ஓடிக்கொண்டிருந்தது. 1959க்கு முன் ஓடிய நீரும் 1959க்குப் பின் ஓடிய நீரும் வேதியியலில் ஒன்றுதான். அறவியலில் ஒன்றா?

இங்கேதான் நம் ஆசாரியர்களின் நுட்பம் கைகொடுக்கிறது. இம்சையை அவர்கள் நால்வகையாகப் பிரித்தனர். கொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழிலில் நேர்வது உத்யோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. இல்லறத்தார் முதலாவதை முற்றும் விட வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். துறவியருக்கு இந்தச் சலுகை இல்லை.

ஆலை முதலாளி ஒருவர் இந்த வகைப்பாட்டைப் படித்தால் மகிழ்ச்சியே அடைவார். “நான் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. தொழிலில் நேர்ந்தது. ஆகவே உத்யோக இம்சை. இல்லறத்தானுக்கு அது விலக்கப்படவில்லையே” என்று அவர் கூறலாம். நம்மவர் பலர் வாணிகத்திலும் தொழிலிலும் இருப்பதால் இந்த வாதத்தை நாம் கூச்சமின்றி ஆராய்ந்தே ஆக வேண்டும்.

நான் அறிந்தவரை அந்த வாதம் பாதிதான் நிற்கும். உழவன் ஏர் பிடிக்கையில் மண்புழு இறக்கிறது. அதனைத் தவிர்த்து உழ அவனுக்கு வேறு வழியில்லை. உழாவிட்டால் உலகுக்கு உணவில்லை. தவிர்க்க இயலாமை, வாழ்வின் தேவை ஆகிய இரண்டும் சேர்ந்தே அதனை உத்யோக இம்சை என்னும் கூண்டுக்குள் வைக்கின்றன. கழிவைச் சுத்திகரிக்க வழி தெரிந்திருந்தும், அதற்கு ஆகும் செலவு இலாபத்தைக் குறைக்கும் என்பதற்காக விட்டுவிட்டால், தவிர்க்க இயலாமை என்னும் சுவர் இடிந்துபோகிறது. அமிர்தசந்திராசாரியார் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இம்சையின் வேரை உயிர் இறப்பதில் வைக்கவில்லை, கவனமின்மையில் வைக்கிறார் என்பதைக் கற்றோர் அறிவர். கவனத்தோடு நடப்பவன் காலடியில் ஓர் உயிர் இறந்தாலும் அவனுக்குக் கொலைப் பாவம் இல்லை. கவனமின்றி நடப்பவன் காலடியில் எதுவும் இறக்காவிட்டாலும் அவன் இம்சை செய்தவனே என்பது அவர் கருத்து. அப்படியானால் 1959க்கு முன் அந்த ஆலையில் இருந்தது பிரமாதம், அதாவது கவனமின்மை. 1959க்குப் பின் இருந்ததைப் பிரமாதம் என்றுகூடச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அறிந்தபின் தொடர்வது சங்கல்பத்தின் வாசலில் நிற்பதாகும். கொல்ல வேண்டும் என்ற விருப்பம் அங்கே இல்லாமலிருக்கலாம். இறந்தாலும் இறக்கட்டும் என்ற இசைவு இருந்தது.

வெளிநாட்டுக் கதையாகவே இதனைச் சொல்லி முடித்துவிட முடியாது. நம் கொடைக்கானலில் 1983 முதல் பாதரச வெப்பமானிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்னும் ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது அது. செஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்தாரின் அந்த ஆலை பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. காய்ச்சல் பார்க்கும் கருவி. மருத்துவத்திற்கு உதவும் பொருள். கருணையின் கருவி என்றே சொல்லலாம். ஆலையை அடுத்துப் பாம்பார் சோலைக்காடு. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் முஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கிடங்கில் கிடப்பதை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தனர். பள்ளிக்கூடம் ஒன்று அருகிலேயே இருந்தது. அம்மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தார் கொடைக்கானல் ஏரியின் நீரையும் சேற்றையும் மீன்களையும் ஆராய்ந்து, ஆலையிலிருந்து பரவிய பாதரசம் அவற்றில் சேர்ந்துள்ளதை 2006இல் வெளியிட்டனர். மரங்களில் படரும் பாசியிலும் கற்பாசியிலும்கூடப் பாதரசம் காணப்பட்டது. கற்பாசிக்கு வேர் இல்லை. காற்றில் வருவதையே உண்டு வாழ்வது. அதனால் காற்றில் பாதரசம் பரவியதற்கு அதுவே சாட்சி ஆயிற்று. நீதிமன்றத்தில் ஓரறிவுயிர் சாட்சி சொன்ன வழக்கு என்று என் மாணவியருக்குச் சொல்லத் தோன்றுகிறது.

முன்னாள் தொழிலாளர்கள் சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி முதலிய நோய்களைச் சொல்லி நெடுங்காலம் போராடினர். தொழிலாளர் உடல்நலத்திற்கு ஆலையால் தீங்கு நேரவில்லை என்றே நிறுவனம் கூறிவந்தது. இறுதியில் 2016 மார்ச்சில் 591 தொழிலாளர்களோடு சென்னை உயர்நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டது. மனிதநேய அடிப்படையிலான கருணைத்தொகை என்று அது கூறப்பட்டது. கருணை என்ற சொல் நமக்கு உயர்ந்த சொல். ஆனால் கடன்பட்டவன் திருப்பித் தருவதைக் கருணை என்று சொல்வது வழக்கமில்லையே என்று நினைத்துக்கொண்டேன். கடன் உண்டா இல்லையா என்பதே தீர்க்கப்படாமல் கருணையில் முடிந்துபோயிற்று.

மண்ணைத் தூய்மை செய்யும் அளவைப் பற்றியும் ஒரு வழக்காடல் நடந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை எஞ்சலாம் என்று வகுக்கப்பட்டது. சோலைக்காட்டை ஒட்டிய இடத்திற்கு அது மிக அதிகம் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர் வாதிட்டனர். அளவு வகுப்பது நமக்குப் புதிதன்று. பரிக்கிரக பரிமாணம் என்று பொருளாசைக்கே அளவு வகுத்துக்கொண்டவர் நாம். ஆனால் அங்கே என் பொருளுக்கு நானே எல்லை வகுக்கிறேன். இங்கே மண்புழுவின் உடல் எவ்வளவு நஞ்சு தாங்க வேண்டும் என்பதற்கு வேறொருவர் எல்லை வகுக்கிறார். முன்னது விரதம். பின்னதை விரதத்தோடு ஒப்பிட முடியாது. அளவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசுக்கு ஏதேனும் ஓர் எண் வேண்டும். அந்த எண்ணுக்குக் கீழே இருப்பதால் குற்றமில்லை என்று மனச்சான்று உறங்கிவிடக் கூடாது என்பதே என் கருத்து. ஈயத்தைப் பொறுத்தவரை தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே கூறுகிறது.

இனிப் பாலாறு. தோல் நமக்கு ஆகாத பொருள். தோல் செருப்பைத் துறந்தவர், தோல் பையைத் தொடாதவர் நம்மில் பலர். கொன்ற விலங்கின் தோல் என்பதே நாம் கூறும் காரணம். அந்தத் தோலை அழுகாமல் பதப்படுத்த எத்தனை உயிர்களைப் பின்னும் வாட்டுகிறார்கள் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. முற்காலத்தில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டார்கள். இப்போது பெரும்பாலும் குரோமியம். தோல் ஏற்றது போக எஞ்சிய குரோமியம் கழிவுநீரில் போகும். ராணிப்பேட்டையில் தோல் தொழிலுக்குக் குரோமிய உப்புகள் செய்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் 1990களின் நடுவில் மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை மலையாகக் குவித்து விட்டுச் சென்றது. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அது அகற்றப்படாமல் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் நீர் கசியும். கிணற்று நீரும் மஞ்சளாயிற்று. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தின் நிறம் அது. கந்தக உப்பைப் போல உருவம் காட்டி உயிரணுவின் வாயிலை அது கடந்துவிடும், உள்ளே சென்றபின் மரபுப் பொருளைச் சிதைக்கும், புற்றுநோய்க்குக் காரணமாகும். பயிரின் வேர் குறுகும், இலை வெளுக்கும். வடிகட்டிய உயிர்களைத் திருப்பி விட்டால் என்னாகும் என்று முன்னர் நான் கேட்டது இத்தகைய கிணறுகளை நினைந்தே.

வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமற் போனதை அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. அன்னியச் செலாவணி ஈட்டித் தரும் தொழிலாயினும் சூழலை அழிக்கும் உரிமை அதற்கில்லை என்றும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றும், முழுச் சான்று கிடைக்கும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. அந்த முன்னெச்சரிக்கைக் கொள்கையைப் படித்தபோது எனக்கு ஈரியா சமிதி நினைவுக்கு வந்தது. நுகத்தடி அளவு தூரம் முன்னே பார்த்து அடி வைக்க வேண்டும் என்னும் துறவியர் நெறியை நீதியரசர்கள் தொழிற்சாலைக்குச் சொன்னார்கள். தீர்ப்புக்குப் பின்னும் துன்பம் ஓயவில்லை. 2015 ஜனவரி 31ஆம் நாள் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேரைச் சேறு மூடியது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வேலூர் வட்டாரத் தோல் கழிவு பற்றி மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பு வழங்க வேண்டியதாயிற்று.

இத்தகைய செய்திகளை நம்மவரிடையே பேசினால் ஒரு விடை உடனே வரும்: “எல்லாம் அவரவர் வினைப்பயன்.” மிகுந்த பக்தியுடைய நல்லவர்கள் வாயிலும் இதனைக் கேட்டிருக்கிறேன். இதனை நான் எளிதில் ஒதுக்க விரும்பவில்லை. வினைக்கொள்கை நம் தத்துவத்தின் முதுகெலும்பு. ஆயினும் இவ்விடை பொருந்தாத இடத்தில் வைக்கப்படுகிறது. ஒருவன் நோயுறுவதற்கு அவனது அசாதா வேதனீயத்தின் உதயம் உபாதானமாக இருக்கலாம். நஞ்சை விட்டவன் நிமித்தம். நிமித்தமானவனுக்குப் புதிய வினை கட்டுவதில்லை என்று எந்த ஆகமம் சொன்னது? அப்படியானால் கத்தியால் குத்தியவனும் குத்துண்டவனின் வினையைச் சாக்காகச் சொல்லலாமே. துன்புறுபவன் தன் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ள உதவுவதற்காக அருளப்பட்ட உண்மையை, துன்புறுத்துபவனுக்குக் கேடயமாகக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. நற்காட்சியின் அடையாளங்களாகக் கூறப்படும் நான்கில் அனுகம்பையும் ஒன்று. பிறர் துன்பம் கண்டு உள்ளம் நடுங்குவதே அனுகம்பை. “வினைப்பயன்” என்று சொல்லிவிட்டுக் காப்பியை உறிஞ்சுபவரிடம் அந்த நடுக்கம் எங்கே இருக்கிறது?

உவமை ஒன்று சொல்லலாம், சற்று எச்சரிக்கையோடுதான். உடலில் உலோகம் சேர்வதும் உயிரில் வினை சேர்வதும் ஒத்தவை போலத் தோன்றுகின்றன. ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு என்னும் வரிசை இங்கும் உண்டு. ஈயத்தைப் பற்றி வெளியேற்றும் மருந்துகள் உண்டு. ஆனால் நஞ்சு வரும் வழியை அடைக்காமல் அம்மருந்தைக் கொடுத்துப் பயனில்லை என்றே மருத்துவரும் கூறுகின்றனர். செறிப்பு முதலில், உதிர்ப்பு பின்னர். ஒப்புமை அத்தோடு நின்றுவிடுகிறது. வினை செய்தவனையே கட்டும். உலோகமோ செய்தவனை விட்டுவிட்டு, பிறக்காத குழந்தையையும் மீனையும் கற்பாசியையும் கட்டுகிறது. வினையின் நீதி உலோகத்திடம் இல்லை. அதனால்தான் சட்டமும் நீதிமன்றமும் தேவைப்படுகின்றன.

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்கள் நெல்லும் மணிலாவும் விளையும் ஊர்கள். பாலாற்றின் மஞ்சள் நீர் வல்லத்துக்கு வரப்போவதில்லை. ஆனால் ஈயம் ஆற்றின் வழியே மட்டும் வருவதில்லை. மின்வெட்டுக்கு அஞ்சி வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் கிலோக் கணக்கில் ஈயம். அது பழுதானால் என்ன செய்கிறோம்? “பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று கூவிய காலம் போய், நல்ல விலைக்கே வாங்கிக்கொள்ள ஆள் வருகிறார். உரிமம் பெற்ற ஆலைக்குப் போனால் அந்த ஈயம் மூடிய உலையில் உருகி மீண்டும் பேட்டரியாகும். ஏதோ ஒரு ஊர்ப்புறத்துக் கொட்டகைக்குப் போனால், அமிலம் மண்ணில் கொட்டப்படும். திறந்த அடுப்பில் ஈயம் உருகும். அதன் புகை உருக்குபவரின் குழந்தை தவழும் தரையில் படியும். இருநூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று நாம் கொடுக்கும்போது, அது எங்கே போகிறது என்று கேட்பதில்லை. நச்சுப் பொருளையும் கருவிகளையும் தீங்கு விளையுமாறு பிறர் கையில் கொடுத்தலை இம்சாதானம் என்றும், காரணமின்றி நிலத்தையும் நீரையும் சிதைத்தலைப் பிரமாதசரியை என்றும் அனர்த்ததண்ட விரதத்தில் விலக்கியுள்ளனர். அருங்கலச்செப்பைப் பாடம் கேட்ட இல்லத்தார் பழைய பேட்டரியை விற்கும்பொழுது அதனை நினைத்துக்கொள்ளலாம். புதிய பேட்டரி விற்றவரே பழையதைத் திரும்பப் பெற்று முறையான ஆலைக்கு அனுப்புவதற்கு 2022ஆம் ஆண்டு விதிகளில் வழி செய்யப்பட்டுள்ளது.

சமையலறையில் ஈயச்சொம்பு ரசத்தின் சுவை அறிந்தவர்கள் அதை விட மாட்டார்கள். ஈயச்சொம்பு என்பது வெள்ளீயம். அதனால் பெரும் கேடு இல்லை. வெள்ளீயத்தில் மலிவான காரீயத்தைக் கலந்து வார்ப்பவர் உண்டு என்பதே கேடு. புளி ரசத்தில் காரீயம் நன்றாகவே கரையும். மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேட்டுப் பொடி தூவும் வழக்கமும் அப்படியே. அந்த ஒரே பொடியில் ஈயமும் உண்டு, குரோமியமும் உண்டு. வங்காளதேசத்தில் 2019இல் கடைத்தெரு மஞ்சள் மாதிரிகளில் நூற்றுக்கு 47இல் ஈயம் காணப்பட்டது. ஆய்வாளர்கள் சொன்னதை அரசு செவிமடுத்தது. மக்களுக்கு அறிவித்தனர், மொத்த வணிகரிடம் சோதனையிட்டனர், கலப்படம் செய்தோரைத் தண்டித்தனர். 2021இல் அந்த 47 பூஜ்யமாயிற்று. இரண்டே ஆண்டுகள்! பெட்ரோலில் ஈயம் கலப்பதும் இப்படித்தான் நின்றது. நம் நாட்டில் 2000இலும், உலகின் கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021இலும் அது முடிவுக்கு வந்தது. தவிர்க்க இயலாதது என்று எண்பது ஆண்டுகள் சாதித்தார்கள். தவிர்த்த பின்னும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. உத்யோக இம்சை என்று நாம் ஒப்புக்கொள்ளும் எத்தனை செயல்கள் இவ்வாறு தவிர்க்கக்கூடியவையோ!

ஒன்றை மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றிலும் இம்சை உண்டு என்பது நம் கொள்கை. ஓய்வூதியம் பெறும் என்னைப் போன்றோரின் சேமிப்பு இன்று வங்கி வழியாகவும் பரஸ்பர நிதி வழியாகவும் எந்தெந்த ஆலைக்கோ முதலாகச் செல்கிறது. அந்த ஆலையின் பெயரும் நமக்குத் தெரியாது. ஆண்டு இறுதியில் வரும் ஈவுத்தொகை மட்டும் தெரியும். அறியாமல் பெறும் அந்த ஆதாயம் அனுமோதனை ஆகுமா? அறிய முயலாமல் இருப்பது பிரமாதம் என்றால், எவ்வளவு தூரம் விசாரித்தால் ஓர் இல்லறத்தாருக்குப் போதும்? சித்தாமூரிலும் பிற இடங்களிலும் ஆகமப் பயிற்சி மிக்க பெரியோர் பலர் உள்ளனர். அவர்களுள் ஒருவர் இதற்கு விளக்கம் எழுதினால் அடுத்த இதழில் படிக்கக் காத்திருப்பேன்.